‘ஒரு வாரம் போகாட்டிதான் என்ன?’: கொள்ளைநோய்க் காலத்தில் டயாலிசிஸ்

2020 ஏப்ரல் 7, செவ்வாய்க்கிழமை. கொவிட்-19 பரவலைத் தடுக்கச் சிங்கப்பூரில் ‘சர்க்யூட் பிரேக்கர்’ கட்டுப்பாடு தொடங்கிய நாள். வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள் என்று வானொலியும் தொலைக்காட்சியும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தன. தோ பாயோவில் எங்கள் மாமா காலை ஐந்தரைக்கெல்லாம் குளித்து, திருநீறு பூசி, முகக்கவசத்தோடு வாசலில் நின்றார். செவ்வாய், வியாழன், சனி மூன்றும் அவருக்கு டயாலிசிஸ் நாட்கள்; சிறுநீரகம் பழுதானதால், இயந்திரம் வழியாக ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ளும் நாட்கள்.

அந்த நேரத்தில் மலேசியாவின் ஜொகூரிலிருந்து சின்னம்மா போன் செய்தார். “அண்ணே, ஒரு வாரம் போகாட்டிதான் என்ன? இந்தக் கிருமி கொஞ்சம் அடங்கட்டும், அப்புறம் போங்களேன்.”

பாசத்தில் கேட்ட கேள்விதான். ஆனால் அதற்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகளில் இதே கேள்வியை அக்கம்பக்கத்தாரும் உறவினரும், படித்தவர்களும்கூடக் கேட்டார்கள். டயாலிசிஸ் என்றால் முதுகுவலிக்குப் போகும் பிசியோதெரப்பி போல, முடிந்தபோது போய்க்கொள்ளலாம் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. ‘ரத்தம் மாற்றுகிறார்கள்’ என்று நினைப்பவர்களும் உண்டு, ‘பத்துத் தடவை செய்தால் கிட்னி சரியாகிவிடும்’ என்று நம்புகிறவர்களும் உண்டு. டயாலிசிஸ் எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால், சின்னம்மாவின் கேள்விக்கு நாமே பதில் சொல்லிவிடலாம். அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

சிறுநீரகம் வீட்டைச் சுத்தம் செய்யும் விதம்

போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்ய இரண்டு வழி இருக்கிறது. அலமாரியில் கிடக்கும் குப்பையை மட்டும் பொறுக்கி எடுக்கலாம். அல்லது எல்லாவற்றையும் கீழே இறக்கி வைத்துவிட்டு, வேண்டியதை மட்டும் திரும்ப அடுக்கலாம். நம் சிறுநீரகம் இரண்டாவது வழியைப் பின்பற்றுகிறது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. அவற்றுக்கு நெஃப்ரான் என்று பெயர். ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து இவை வெளியே இறக்குகின்றன. பிறகு அதில் ஒன்றரை இரண்டு லிட்டரைத் தவிர மற்றதையெல்லாம், சர்க்கரையும் தேவையான உப்புகளும் உட்பட, திரும்ப எடுத்துக்கொள்கின்றன. எஞ்சியது சிறுநீராகப் போகிறது. தூங்கும்போதும் இந்த வேலை நிற்பதில்லை.

சிறுநீரகத்துக்கு வேறு பொறுப்புகளும் உண்டு. ரத்தச் சிவப்பணுக்களை உண்டாக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்கு ஆணை அனுப்பும் ஹார்மோனைச் சுரக்கிறது, ரத்த அழுத்தத்தைச் சீராக வைக்கிறது, வைட்டமின் டி-யை உடம்பு பயன்படுத்தும் நிலைக்கு மாற்றுகிறது. டயாலிசிஸ் இயந்திரம் இவற்றை ஈடுசெய்யாது. அதனால்தான் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஊசியும் மாத்திரையும் தனியாகத் தேவைப்படுகின்றன.

சிறுநீரகத்தின் வேலைத்திறன் ஏறத்தாழ 15 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்டால் அதைச் சிறுநீரகச் செயலிழப்பு என்கிறார்கள். சிங்கப்பூரில் புதிதாக இந்த நிலைக்கு வருபவர்களில் சுமார் மூன்றில் இருவருக்கு நீரிழிவுதான் காரணம். எங்கள் மாமாவுக்கும் அப்படித்தான். இருபது ஆண்டுச் சர்க்கரை, அதில் பாதிக் காலம் மருந்தைச் சரியாகச் சாப்பிடவில்லை. இதை அவரே எல்லாரிடமும் சொல்வார், மற்றவர்களாவது கேட்டுக்கொள்ளட்டும் என்று.

கருவாடும் தேங்காய்ப்பாலும்

தேக்கா சந்தையில் வாங்கிய கருவாட்டை அப்படியே குழம்பில் போடுவதில்லை. முதலில் தண்ணீரில் ஊறவைக்கிறோம். உப்பு அதிகமாக இருக்கும் கருவாட்டிலிருந்து உப்பில்லாத தண்ணீருக்குத் தானாகவே இறங்குகிறது. கொஞ்ச நேரத்தில் அந்தத் தண்ணீரும் உப்புக்கரிக்கும், அதற்குமேல் உப்பு இறங்காது. அதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினால் மறுபடியும் இறங்கத் தொடங்கும். அதிகமாக இருக்கும் இடத்திலிருந்து குறைவாக இருக்கும் இடத்துக்கு ஒரு பொருள் இப்படித் தானாகப் பரவுவதற்கு விரவல் என்று பெயர்.

டயாலிசிஸின் பாதி ரகசியம் இதுதான். ரத்தத்தைப் பிளாஸ்டிக் குழாய் வழியாக வெளியே எடுத்து, டயலைசர் என்ற உருளைக்குள் அனுப்புகிறார்கள். ஒரு முழம்கூட இருக்காது அந்த உருளை. அதற்குள் தலைமுடி போல மெல்லிய, உள்ளே துளையுள்ள இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இழைக்குள்ளே ரத்தம் ஓடும். இழைக்கு வெளியே, எதிர்த்திசையில், டயாலிசேட் என்ற திரவம் ஓடும். சுத்தமான தண்ணீரில் ரத்தத்தில் இருக்க வேண்டிய அளவுக்கு உப்புகளைக் கலந்து தயாரித்த திரவம் அது. யூரியா போன்ற கழிவுகள் ரத்தத்தில் அதிகம், டயாலிசேட்டில் இல்லவே இல்லை. அதனால் அவை இழையின் சுவர் வழியாக வெளியே இறங்கிவிடும். சிவப்பணுவும் புரதமும் உருவில் பெரியவை என்பதால் அந்தச் சுவரைத் தாண்ட முடியாது. டயாலிசேட் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பது கருவாட்டுத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருப்பதற்குச் சமம்.

மற்ற பாதி, தேங்காய்ப்பால் பிழிவது போன்றது. துருவிய தேங்காயைத் துணியில் கட்டி முறுக்கினால் பால் வெளியே வரும், சக்கை உள்ளே நிற்கும். இயந்திரமும் அழுத்த வேறுபாட்டை உண்டாக்கி, உடம்பில் தேங்கிய அதிகப்படி நீரை அதே இழைச்சுவர் வழியாக இழுத்துவிடுகிறது.

சுத்தமான ரத்தம் அதே ஆளின் உடம்புக்கே திரும்பிப் போகிறது. வேறு யாருடைய ரத்தமும் இதில் கலப்பதில்லை. எந்த நேரத்திலும் உடம்புக்கு வெளியே இருக்கும் ரத்தம் ஒரு டம்ளர் அளவுதான்.

இந்த யோசனையை மனிதர்களுக்குப் பயன்படும் கருவியாக ஆக்கிக் காட்டியவர் வில்லம் கோல்ஃப் என்ற டச்சு மருத்துவர். 1943-இல், ஜெர்மானியப் படைகள் நெதர்லாந்தைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், சாசேஜுக்குத் தோலாகப் பயன்படும் செல்லோஃபேன் குழாயை ஒரு உருளையில் சுற்றி, உப்புநீர்த் தொட்டியில் சுழலவிட்டார். போர்க்காலத் தட்டுப்பாட்டில் கிடைத்ததை வைத்துச் செய்த அந்தக் கருவியின் வழித்தோன்றல்தான் இன்று நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளின் கீழ்த்தளங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கழிவு தானாக இறங்குகிறது, நீர் அழுத்தத்தால் இழுக்கப்படுகிறது, இரண்டும் ஒரே மெல்லிய சுவர் வழியாக நடக்கின்றன. பழுதான சிறுநீரகம் இதனால் குணமாவதில்லை. அது செய்ய வேண்டிய வேலையில் ஒரு பகுதியை இயந்திரம் வெளியில் இருந்து செய்து தருகிறது.

168 மணி நேரத்தில் 12 மணி நேரம்

வாரத்துக்கு 168 மணி நேரம். நல்ல சிறுநீரகம் 168 மணி நேரமும் வேலை செய்கிறது. டயாலிசிஸ் நோயாளிக்குப் பொதுவாக வாரம் மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம், மொத்தம் 12 மணி நேரம். கழிவை அகற்றும் வேலையில் நல்ல சிறுநீரகம் செய்வதில் சுமார் 10 முதல் 15 விழுக்காடுதான் இதில் ஈடாகிறது. அவ்வளவு இருந்தாலே மனிதர் உயிரோடு இருக்கலாம், நடக்கலாம், வேலைக்கும் போகலாம். ஆனால் அந்தக் கணக்கில் விட்டுக்கொடுக்க எதுவும் மிச்சமில்லை.

நான்கு மணி நேரம் எதற்கு, இயந்திரத்தை வேகமாக ஓட்டக்கூடாதா என்று நானும் கேட்டிருக்கிறேன். நிமிடத்துக்குச் சுமார் 300 மில்லிலிட்டர் ரத்தம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு மணி நேரத்தில் 72 லிட்டர். உடம்பில் இருப்பதே ஏறத்தாழ ஐந்து லிட்டர்தான், ஆக அதே ரத்தம் பதினான்கு முறைபோலச் சுற்றிவருகிறது. ஏனென்றால் கழிவு ரத்தத்தில் மட்டும் இல்லை, தசையிலும் திசுக்களிலும் ஊறிக் கிடக்கிறது. ரத்தம் சுத்தமானதும் அங்கிருந்து மெல்ல மெல்ல ரத்தத்துக்கு இறங்கும். அதற்கு நேரம் கொடுத்தாக வேண்டும். நீரையும் அவசரமாக இழுத்தால் ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து, கால் தசை சுண்டி இழுக்கும்.

இவ்வளவு வேகத்தில் ரத்தம் எடுக்கக் கையில் உள்ள சாதாரண ரத்தக்குழாய் தாங்காது. அதனால் கையில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் அறுவை சிகிச்சையில் இணைத்துவிடுகிறார்கள். இந்த இணைப்புதான் ஃபிஸ்டுலா. தமனியின் வேகத்தில் ரத்தம் பாய்வதால் சிரை சில வாரங்களில் தடித்து உறுதியாகும். மாமாவின் இடது முன்கையில் தோலுக்கடியில் கயிறு முறுக்கியதுபோல் அது தெரியும். விரலை வைத்தால், மடியில் படுத்த பூனை உறுமுவதுபோல ஓர் அதிர்வு. தினமும் காலையில் பல் துலக்கியதும் அந்த அதிர்வைத் தொட்டுப் பார்ப்பார். அது நின்றுபோனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கக்கூடாது, ரத்தம் எடுக்கக்கூடாது, சந்தைப் பையைத் தொங்கவிடவும் கூடாது.

தள்ளிப்போட்டால் உடம்பில் நடப்பது

சிறுநீர் வற்றிப்போனவருக்கு, குடிப்பது எல்லாம் உடம்பிலேயே தங்கும். ஒரு லிட்டர் குடித்தால் ஒரு கிலோ எடை ஏறும். கணக்கில் வருவது காப்பியும் தேநீரும் மட்டுமல்ல. ரசம், கஞ்சி, ஐஸ், தர்பூசணி எல்லாமே நீர்தான். அதிகப்படி நீர் முழுவதும் நீங்கிய பிறகு இருக்க வேண்டிய எடைக்கு உலர் எடை என்று பெயர். டயாலிசிஸ் நிலையத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலை எடைமேடையில் ஏறுவது. உலர் எடையைவிட எத்தனை கிலோ கூடியிருக்கிறதோ அவ்வளவு நீரை அன்று எடுக்க வேண்டும். ‘கிட்னிக்கு நல்லது, தண்ணீர் நிறையக் குடிங்க’ என்ற பொது அறிவுரை இவர்களுக்கு நேர்மாறான தீங்கு செய்யும். தேங்கும் நீர் முதலில் கணுக்காலில் வீக்கமாகத் தெரியும், அப்புறம் நுரையீரலில் கோத்துக்கொள்ளும். படுத்தால் மூச்சு முட்டும், எழுந்து உட்கார்ந்தால்தான் கொஞ்சம் நிம்மதி.

நீரைவிடச் சத்தமில்லாத ஆபத்து பொட்டாசியம். தசையும் இதயமும் துடிக்கத் தேவையான ஓர் உப்பு அது. ரத்தத்தில் அதன் அளவு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். 6.5-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தடுமாறி நின்றேபோகலாம், பல நேரங்களில் முன்னறிவிப்பே இருக்காது. வாழைப்பழம், இளநீர், தக்காளி, உருளைக்கிழங்கு, டுரியான் எல்லாவற்றிலும் பொட்டாசியம் அதிகம். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு இவை சத்தான உணவு. டயாலிசிஸ் செய்பவருக்கு அளவு பார்த்துத் தொட வேண்டியவை. பழச்சாற்றுக் கடைகளில் கிடைக்கும் நட்சத்திரப் பழத்தை அவர்கள் தொடவே கூடாது. அதிலுள்ள ஒரு நச்சு மூளையைப் பாதிக்கும்.

சனிக்கிழமை செய்தவர் அடுத்து செவ்வாய்க்கிழமைதான் வருவார். வாரத்திலேயே நீளமான இடைவெளி இது. அந்த நீண்ட இடைவெளியின் முடிவில்தான் மாரடைப்பும் திடீர் இறப்பும் கூடுதலாக நடக்கின்றன என்பது மருத்துவ ஆய்வுகளில் தெளிவாகப் பதிவான விஷயம். வழக்கமான ஒரு நாள் கூடுதல் இடைவெளியே இப்படி என்றால், செவ்வாயைத் தவறவிட்டு வியாழன்வரை ஐந்து நாள் இழுப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ‘ஒரு வாரம்’ என்பது பலருக்கு உயிரே போகக்கூடிய இடைவெளி.

ஆகவே சின்னம்மாவிடம் மாமா சொன்ன பதில் இதுதான்: “கிருமி வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். போகாம இருந்தா என்ன ஆகும்னு எனக்கு நிச்சயமாத் தெரியும்மா.”

கிருமி ஏன் இவர்களிடம் கூடுதல் கடுமை காட்டியது

கழிவு முழுமையாக நீங்காத ரத்தத்தில் நோயெதிர்ப்பு அணுக்கள் மந்தமாகிவிடுகின்றன. காவல்காரர் இருப்பார், ஆனால் அரைத்தூக்கத்தில் இருப்பார். இதோடு நீரிழிவு, இதயநோய், முதுமை மூன்றில் ஒன்றாவது பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். போதாததற்கு, மற்றவர்கள் வீட்டில் இருந்த நேரத்தில் இவர்கள் வாரம் மூன்று நாள் மற்ற நோயாளிகளோடு ஒரே கூடத்தில் நான்கு மணி நேரம் உட்கார்ந்தாக வேண்டும். கொவிட்-19 தொற்றியவர்களில் டயாலிசிஸ் நோயாளிகளின் இறப்பு விகிதம் உலகெங்கும் பொதுமக்களைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. மூச்சுத்திணறல் கொவிட்டின் அறிகுறி, நீர் கோத்துக்கொண்டதற்கும் அதுவே அறிகுறி. 2020 மே மாதம் ஒரு திங்கள் இரவு மாமாவுக்கு மூச்சு வாங்கியது. வீட்டில் எல்லாரும் நடுங்கிப்போனோம். மருத்துவமனையில் தனி அறையில் வைத்துச் சோதித்தார்கள், கொவிட் இல்லை. வீட்டிலேயே அடைந்து கிடந்ததில் பொழுதுபோகாமல் தேநீரும் முறுக்கும் உள்ளே போயிருக்கின்றன. உப்பு தாகத்தைக் கூட்டும், தாகம் நீரைக் கூட்டும். உலர் எடையைவிட நான்கு கிலோ கூடுதல். அன்றிரவே டயாலிசிஸ் செய்ததும் மூச்சு சீரானது. அதற்குப் பிறகு மாமி காலையில் ஒரு பாட்டிலில் அன்றைய பங்கை அளந்து ஊற்றி வைத்துவிடுவார். மாத்திரைக்கான தண்ணீரும் அதிலிருந்துதான்.

அந்தச் சமயத்தில் வாட்ஸ்அப்பில் கபசுரக் குடிநீரும் விதவிதமான கஷாயங்களும் சுற்றின. அனுப்பியவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்பினார்கள். ஆனால் டயாலிசிஸ் செய்பவருக்குக் கஷாயமும் ஒரு டம்ளர் நீர், மூலிகையில் எவ்வளவு பொட்டாசியம் என்று அளந்து சொல்ல ஆளில்லை, அதை வெளியேற்றச் சிறுநீரகமும் இல்லை. மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது.

அந்த நாட்களில் நிலையத்துக்குள்

சிங்கப்பூரில் தேசிய சிறுநீரக அறநிறுவனம் 1969-இல் தொடங்கியது, தன் முதல் டயாலிசிஸ் நிலையத்தை 1982-இல் திறந்தது. இன்று அத்தகைய நிலையங்கள் பெரும்பாலான பேட்டைகளில் இருக்கின்றன. நடந்தே போகும் தூரத்தில் நிலையம் இருப்பது கொள்ளைநோயில் பெரிய வரம். பேருந்தும் எம்ஆர்டியும் ஏறாமல் போய்வர முடிந்தது.

டயாலிசிஸ் அத்தியாவசியச் சேவை என்பதால் கட்டுப்பாட்டுக் காலத்திலும் நிற்கவில்லை. மாறியது சூழல்தான். வாசலிலேயே உடல்வெப்பம் பார்த்தார்கள், சளி இருமல் உண்டா என்று கேட்டார்கள். துணைக்குப் போனவர்கள் வெளியிலேயே நிற்க வேண்டியிருந்தது. முன்பெல்லாம் மாமாவின் நிலையத்தில் நடுவில் ரொட்டியும் மைலோவும் சாப்பிடுவார்கள், பக்கத்து நாற்காலி சீன ஆன்ட்டியோடு மலாயில் கதை பேசுவார்கள். முகக்கவசத்தைக் கழற்றக்கூடாது என்றதும் இரண்டும் நின்றன. சர்க்கரை இறங்கிவிடாமல் இருக்க, வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே சாப்பிட வேண்டியதாயிற்று. அதற்காக மாமி நான்கரைக்கே எழுந்து இட்லி அவித்தார்.

தாதியர்களின் பாடு தனிக்கதை. 2020 மார்ச் 18-இல் மலேசியாவின் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியதும், ஜொகூரிலிருந்து தினமும் வந்துபோன ஊழியர்கள் குடும்பத்தைப் பிரிந்து இங்கேயே தங்கினார்கள். மாமாவுக்கு ஊசி குத்தும் தாதி அவர்களில் ஒருவர். பிள்ளையின் பிறந்தநாளுக்கு வீடியோ அழைப்பில்தான் பாட்டுப் பாடினேன் என்று அவர் சொன்ன அன்று, மாமா வீட்டுக்கு வந்தும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டிலேயே செய்யும் வகை

எல்லா டயாலிசிஸுக்கும் நிலையம் தேவையில்லை. நம் வயிற்றுக்குள் குடலைச் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது. அதையே வடிகட்டியாகப் பயன்படுத்தலாம். வயிற்றில் நிரந்தரமாகப் பொருத்திய மெல்லிய குழாய் வழியாகச் சுமார் இரண்டு லிட்டர் திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் ஊறவைத்து, வெளியே வடித்துவிட்டுப் புதியதை விடுவார்கள். இதுவும் அதே கருவாட்டுக் கணக்குதான். இதற்கு வயிற்றறை டயாலிசிஸ் என்று பெயர். கையால் செய்தால் நாளுக்கு நான்கு தடவை, இயந்திரம் வைத்தால் இரவு தூக்கத்தில்.

கொள்ளைநோய்க் காலத்தில் இதன் அனுகூலம் சொல்லாமலே விளங்கும். ஆனால் சுத்தம் கெட்டால் வயிற்றில் தொற்று வரும். வடியும் திரவம் கலங்கலாக இருந்தால் அதுதான் எச்சரிக்கை. மூவறை வீட்டில் திரவப் பெட்டிகளை அடுக்க இடமும் வேண்டும். எல்லார் உடம்புக்கும் ஒத்துவராது, எங்கள் மாமாவுக்குப் பழைய வயிற்று அறுவை சிகிச்சை காரணமாக மருத்துவர் வேண்டாம் என்றுவிட்டார்.

தடுப்பூசி

மந்தமான நோயெதிர்ப்பு தடுப்பூசிக்கும் மந்தமாகவே பதில் சொல்லும். இது கொவிட்டுக்கு முன்பே தெரிந்ததுதான். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை டயாலிசிஸ் நோயாளிகளுக்கு நெடுங்காலமாக இரட்டை அளவில் போடுகிறார்கள். ‘இவ்வளவு பலவீனமான உடம்புக்கு ஊசி தாங்குமா’ என்று பயந்து தள்ளிப்போட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். பலன் குறைவாகக் கிடைக்கும் உடம்புக்குத்தான் கூடுதல் தவணை தேவை. வீட்டில் மற்றவர்களும் போட்டுக்கொண்டால் அவரைச் சுற்றி ஒரு வேலி கிடைக்கிறது. நாங்கள் ஐந்து பேரும் போட்டுக்கொண்டோம்.

வீட்டில் இருக்க வேண்டியவை

நிலையத்தின் தொலைபேசி எண், மருந்துப் பட்டியல், உலர் எடை மூன்றையும் ஒரே தாளில் எழுதி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். காய்ச்சல் வந்தால் நிலையத்துக்குப் போவதை நிறுத்தாதீர்கள். போகும் முன் போன் செய்து சொல்லுங்கள். தொற்று இருக்கலாம் என்று தெரிந்தால் தனியாக வைத்துச் செய்ய ஏற்பாடு செய்வார்கள். எந்தக் காரணத்தாலாவது ஒரு தடவை டயாலிசிஸ் தாமதமானால், செய்து முடிக்கும்வரை நீரையும் உப்பையும் பழத்தையும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். மூச்சு முட்டினாலோ, கைகால் வலுவிழந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள்.

2022 ஏப்ரல் 1, வெள்ளிக்கிழமை, தடுப்பூசி முழுமையாகப் போட்டுக்கொண்ட எல்லாருக்கும் ஜொகூர் பாலம் திறந்தது. அன்றிரவே சின்னம்மா பெட்டியோடு வந்து இறங்கினார். மறுநாள் சனிக்கிழமை காலை, மாமா கிளம்பும் முன், அவருடைய இடது கையைத் தன் மடியில் வைத்து ஃபிஸ்டுலாவின் மேல் விரலை வைத்தார். “என்னண்ணே இப்படித் துடிக்குது!” என்றார். மாமா சிரித்துக்கொண்டே மணியைப் பார்த்தார். ஐந்தரை ஆகியிருந்தது. சின்னம்மா செருப்பைத் தேடினார், அண்ணனோடு நிலையத்து வாசல்வரை நடந்துபோக.